இருபது பேர், பதினைந்து வாரம்: முதலாண்டு டியூட்டருக்கு

முதலாண்டு வகுப்பு தொடங்கிய வாரத்திலேயே, மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாசிரியரான டியூட்டரின் கைக்குத் துறையில் ஒரு பட்டியல் வந்துவிடும். இருபது பெயர், பதிவு எண், பெற்றோர் கைபேசி எண், கூடவே ஒரு கவுன்சலிங் நோட்டு. மாதம் ஒரு தடவை எல்லாரையும் வரச்சொல்லி, "படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டு, "நல்லா போகுது சார்" என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கினால் நோட்டு நிரம்பிவிடும். ஆய்வுக் குழு வந்தால் காட்டுவதற்கு அது போதும். மாணவருக்குத்தான் போதாது.

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர் மூளை போதாமல் சறுக்குவது குறைவு. வருகைப்பதிவு, இன்டர்னல் (கல்லூரியே போடும் அக மதிப்பெண்), பாடமொழி, ஆதாரோடு ஒட்டாத வங்கிக் கணக்கு, திங்கட்கிழமை விடிகாலைப் பேருந்து என்று சறுக்கும் இடங்கள் ஏற்கெனவே தெரிந்தவைதான். முதல் எட்டு வாரத்துக்குள் இவை எல்லாம் கண்ணில் பட்டுவிடும். அதற்குப் பிறகு பார்க்கிற டியூட்டரால் ஆறுதல் சொல்லத்தான் முடியும்.

இங்கே வரும் எண்கள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 விதிமுறைப்படி. தன்னாட்சிக் கல்லூரியிலும், புதிய விதிமுறையில் சேரும் பேட்ச்சிலும் இவை மாறும். உங்கள் மாணவர்களுக்கு உரிய விதிமுறையை எடுத்து, வருகை, மதிப்பீடு, தேர்ச்சி ஆகிய மூன்று பகுதிகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். சில பக்கங்கள்தான்.

முதல் சந்திப்பு கூட்டமாக வேண்டாம். இருபது பேரையும் ஒன்றாக உட்காரவைத்தால் பேசுகிற மூன்று பேர்தான் பேசுவார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலு பேர், ஒரே வாரத்தில் முடிந்துவிடும். கேள்வியும் முக்கியம். "ஏதாவது பிரச்சினையா?" என்றால் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி என்னப்பா சாப்ட்ட?" என்று கேளுங்கள். மெஸ்ஸுக்குப் போகவில்லை, பிஸ்கட் பாக்கெட்டோடு முடிந்தது என்று தெரியவரும். "கிளாஸ்ல பக்கத்துல யாரும்மா?" என்று கேட்டால் மூன்றாவது வாரத்திலும் பெயர் சொல்லத் தெரியாமல் நிற்கிற பெண்ணைக் கண்டுபிடிக்கலாம். "காலையில எத்தனை மணிக்குக் கிளம்புற, எத்தனை பஸ்?" என்பது வீட்டிலிருந்தே தினமும் வந்துபோகும் டே ஸ்காலருக்கான கேள்வி. இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் வருகிறவரிடம் இரவு பதினொன்று வரை படி என்று சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கல்லூரி நேரத்துக்குள்ளேயே, மதிய இடைவேளையிலோ நூலகத்திலோ, ஒரு மணி நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அதே வாரத்தில் வீட்டுக்கு ஒரு போன். காரணமே இல்லாமல், "உங்க பிள்ளைக்கு நான்தான் டியூட்டர்" என்று சொல்வதற்காக மட்டும். கல்லூரியிலிருந்து போன் வந்தால் ஃபீஸ் பாக்கி அல்லது பிள்ளை வம்பில் மாட்டிக்கொண்டது, இந்த இரண்டைத் தவிர வேறொன்றும் பெற்றோருக்குத் தோன்றாது. முதல் போன் சாதாரணமாக இருந்துவிட்டால், பிறகு நிஜமாகவே விஷயம் வரும்போது அவர்கள் ஒளிக்காமல் பேசுவார்கள். இன்னொரு லாபமும் உண்டு. பட்டியலில் இருக்கும் 'அப்பா' எண்ணை எடுப்பவர் சில சமயம் அறைத்தோழனின் அண்ணனாக இருப்பார். அதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டால் சிரித்துக்கொண்டே திருத்தலாம். கூலி வேலைக்கோ கடைக்கோ போகிறவர்களை இரவு ஏழரைக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் எடுத்தால் "சரிங்க சார், சரிங்க சார்" என்று வைத்துவிடுவார்கள்.

அடுத்தது வருகை. மொத்தத்தில் 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவம், விளையாட்டு போன்ற காரணத்துக்கு உரிய சான்று காட்டித்தான் தேர்வு எழுத முடியும். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியதுதான். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். 25 சதவீதம் என்பது அவர்கள் காதில் பெரிய சொத்து மாதிரி விழும். பீரியடாக மாற்றிச் சொன்னால்தான் உறைக்கும்.

நாளுக்கு 7 பீரியட், வாரம் 5 நாள், 15 வாரம் என்றால் 525 பீரியட். அதில் கால்வாசி 131. நாள் கணக்கில் பதினெட்டே முக்கால். ஒரு டைபாய்டு வந்தால் பத்து நாள் போகும். அக்கா கல்யாணம், ஊர்க் கொடை என்று நாலைந்து நாள். மிச்சம் மூன்றோ நாலோ. விடுதி மாணவர் ஞாயிறு இரவே பஸ் ஏறாமல் திங்கள் விடிகாலை ஏறினால் முதல் இரண்டு பீரியட் போய்விடும். பதினைந்து திங்களுக்கு 30 பீரியட். லீவே போடாத ஒரு பையன் நாலு நாளை இப்படிப் பஸ்ஸிலேயே செலவழித்துவிடுவான், அவனுக்கே தெரியாது. "சனிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வந்துடுப்பா" என்று சொல்லும்போது கூடவே இந்த 30-ஐயும் சொல்லுங்கள்.

குறைந்துபோன வருகையை மீட்க மனதிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது: 75 சதவீதத்துக்கு எத்தனை பீரியட் குறைகிறதோ அதை நாலால் பெருக்குங்கள், அத்தனை பீரியட் தொடர்ந்து வர வேண்டும். 100 பீரியட் நடந்திருக்கிறது, 60-க்குத்தான் வந்திருக்கிறார் என்றால் குறைவு 15. நாலால் பெருக்கினால் 60. ஒன்றுகூட விடாமல் 60 பீரியட் வந்தால் 160-க்கு 120, சரியாக முக்கால். ஒன்பது வேலை நாளில் ஆகிவிடும். இதே 60 சதவீதத்தைப் பத்தாவது வாரத்தில் கண்டுபிடித்தால் நிலைமை வேறு. 350-க்கு 210 வந்திருப்பார். குறைவு 52.5, நாலால் பெருக்கினால் 210. மிச்சம் இருப்பதோ 175 பீரியட்தான். இனி ஒரு நாள் விடாமல் வந்தாலும் 73.3-இல் நிற்பார். மூன்றாவது வாரத்தில் பட்டியலைப் பார்க்காததற்குப் பதினைந்தாவது வாரத்தில் மருத்துவச் சான்றுக்கு அலைய வேண்டிவரும்.

சான்று விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகப் பழக்குங்கள். காய்ச்சல் முடிந்து வகுப்புக்குத் திரும்புகிற அன்றே சான்று டியூட்டர் மேசைக்கு வர வேண்டும். செமஸ்டர் கடைசியில் மொத்தமாக நீட்டும் சான்றை யாரும் நம்புவதில்லை, நம்பவும் கூடாது. விளையாட்டுக்கோ என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமுக்கோ போகிறவருக்கு, அந்த நாட்களை வருகையாகக் கணக்கிட உதவும் ஆன் டியூட்டி கடிதம் போவதற்கு முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும். போய்வந்த பிறகு ரிஜிஸ்டரில் அது ஏறியிருக்கிறதா என்று மாணவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

இனி இன்டர்னல். தியரித் தாள்களுக்கு 40 இன்டர்னல், 60 செமஸ்டர் தேர்வு (100-க்கு எழுதுவது 60-ஆகச் சுருக்கப்படும்). தேறுவதற்குச் செமஸ்டர் தேர்வில் நூற்றுக்கு 45-ஆவது எடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். பள்ளியில் மொத்த மார்க் ஒன்றையே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இரட்டைக் கணக்கு புரிய ஒரு செமஸ்டர் ஆகும். அதற்குள் அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் தாள்) விழுந்திருக்கும். தாளில் எழுதிக் காட்டுங்கள். இன்டர்னல் 30 வைத்திருப்பவருக்குச் செமஸ்டரில் 45 போதும். 20 வைத்திருப்பவருக்கு 50 வேண்டும். 12 வைத்திருப்பவருக்கு 64 வேண்டும். யாரால் முடியாதோ அவரிடம்தான் அதிகம் கேட்கிறது இந்த ஏற்பாடு.

அந்த 40 எங்கிருந்து வருகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100; இரண்டும் சேர்ந்து 40-ஆகச் சுருக்கப்படும். ஒவ்வொரு நூறிலும் எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார் போன்றவை 40. அசைன்மென்டை நேரத்தில் கொடுத்தால் கிடைக்கும் மார்க்தான் முதலாண்டில் மிக மலிவான மார்க். அதைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். காரணம் சோம்பல் மட்டுமில்லை. கெடு எங்கே சொல்லப்பட்டது என்றே தெரிவதில்லை. ஒரு பாடத்துக்குக் கூகுள் கிளாஸ்ரூம், இன்னொன்றுக்கு வாட்ஸ்அப், மூன்றாவதற்குக் கரும்பலகையின் ஓரம். வகுப்புப் பிரதிநிதியிடம் ஒரே தாளில் எல்லாப் பாடத்தின் கெடு தேதிகளையும் எழுதிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். பார்க்கச் சின்ன வேலை, அரியர் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியும்.

வினாத்தாளின் அமைப்பையும் முதல் மதிப்பீட்டுக்கு முன்பே விளக்கிவிடுங்கள். பல தாள்களில் இரண்டு மார்க் பத்து, பதின்மூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று. பதின்மூன்று மார்க் கேள்விகள் ஒவ்வொன்றும் 'அ அல்லது ஆ'. பாடத்தின் ஐந்து அலகுக்கும் கேள்வி உண்டு என்பதால், ஒரு அலகை முழுசாக விட்டால் 13-உம் இரண்டு மார்க் இரண்டும் போய் 17 மார்க் கழிந்துவிடும். நேரம் மூன்று மணி: முதல் பகுதிக்கு 20 நிமிடம், ஒவ்வொரு பதின்மூன்றுக்கும் 25, கடைசிக் கேள்விக்கு 30. மொத்தம் 175. ஐந்து நிமிடம் பதிவு எண்ணையும் கேள்வி எண்களையும் சரிபார்க்க. நன்றாகப் படித்தவர்கள் தோற்பது பெரும்பாலும் முதல் பதின்மூன்று மார்க்குக்கே முக்கால் மணி நேரம் எழுதியதால்தான்.

அரசுப் பள்ளியிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் ஒரு மாதம் அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து 'வீக்' என்று நோட்டில் எழுதிவிடுகிறோம். முதல் செமஸ்டர் கணிதத்தில் மேட்ரிக்ஸ் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அணிகளையும் அணிக்கோவைகளையும் முதல் பாடமாகவே படித்துவிட்டு வந்தவர் அவர். அணித்தரம் காணத் தெரியும், நேர்மாறு காணத் தெரியும், கிராமரின் விதி தெரியும். வகுப்பில் 'ரேங்க்', 'இன்வர்ஸ்', 'டிடர்மினன்ட்' என்று கேட்கும்போது புதுப் பாடம் என்று நினைத்து மிரண்டுபோகிறார். டெரிவேட்டிவ் என்பது தனக்குத் தண்ணீர்பட்ட பாடான வகைக்கெழுதான், இன்டக்ரேஷன் தொகையிடல்தான், ஃபங்ஷன் சார்புதான், காம்ப்ளெக்ஸ் நம்பர் கலப்பெண்தான், எலிப்ஸ் நீள்வட்டம்தான், டிஃப்ராக்‌ஷன் விளிம்பு விளைவுதான், மொமன்ட் ஆஃப் இனர்ஷியா நிலைமத் திருப்புத்திறன்தான் என்று யாராவது எடுத்துச் சொன்னால் பாதிப் பாடம் பழைய பாடம் ஆகிவிடும்.

இதற்கு எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். மூன்று பத்தி: ஆங்கிலச் சொல், பள்ளியில் படித்த தமிழ்ச் சொல், அதற்குரிய சூத்திரமோ சின்னப் படமோ. மூன்றாவது பத்தியை விட்டுவிட்டால் அது வெறும் சொற்பட்டியலாகி இரண்டே வாரத்தில் பைக்குள் போய்விடும். ஒரு நாளைக்கு ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு வாரம் டியூட்டர் வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு தானே ஓடும். எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். 'ஐகன்' (Eigen) என்று காதில் விழுந்ததை நூலின் பின்பக்கச் சொல்லடைவில் ஆங்கில 'ஐ'யில் தேடிக்கொண்டிருப்பார். சொல் இருப்பது 'ஈ'யில்.

தேர்வில் பதில் எழுத இவர்களுக்கு அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. வரையறை ஒரு வரி, படம், சூத்திரம், ஒவ்வொரு குறியீடும் எதைக் குறிக்கிறது, அளவீட்டு அலகு, கடைசியில் பயன்பாடு இரண்டு. ஆறேழு சொல்லுக்கு மேல் போகாத வாக்கியங்கள். இந்தச் சட்டகத்தில் பத்துக் கேள்விக்கு எழுதிப் பழகினால் கை வந்துவிடும். "தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி" என்ற அறிவுரை முதல் செமஸ்டரில் எந்த வேலைக்கும் ஆகாது என்பது என் கருத்து. செய்தித்தாளின் ஆங்கிலம் வேறு, என்ஜினீயரிங் பிசிக்ஸின் ஆங்கிலம் வேறு. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பதில் தெரிந்தும் வாய் வராமல் நிற்பவரிடம் "தமிழ்ல சொல்லுப்பா" என்று சொல்ல லேப் ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவைப்பது, டியூட்டர் செய்யக்கூடிய பெரிய உதவி.

பணம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பர் முதல். மாணவர்களுக்கு அதேபோலத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் முதல். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருவார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை, சாதிவாரி உதவித்தொகை எல்லாம் தனி. விண்ணப்பிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. பணம் வராமல் போவது ஆதாரில்தான்.

மாணவர் புதுக் கணக்குத் தொடங்கி, பாஸ்புக் நகலையும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். உதவித்தொகையோ ஆதார் எண்ணோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குப் போகும். அது எட்டாம் வகுப்பில் பள்ளியில் தொடங்கி, செயல்படாமல் கிடக்கும் கணக்காக இருக்கலாம். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டேன் என்பது கேஒய்சி, அதாவது ஆளை அடையாளம் உறுதிசெய்வது, மட்டும்தான். நேரடி மானியத்துக்கான இணைப்புக்கு வங்கியில் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை மைஆதார் தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம், ஆனால் ஓடிபி வர வேண்டும். ஆதாரில் இருப்பது சித்தப்பாவின் பழைய எண்ணாக இருந்தால் ஓடிபி வராது. ஆகவே வரிசை இது: முதலில் ஆதார் சேவை மையத்தில் கைபேசி எண்ணை மாற்றுவது, பிறகு பெயரையும் பிறந்த தேதியையும் பத்தாம் வகுப்புச் சான்றோடு ஒப்பிடுவது (இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருப்பது சகஜம்), பிறகு வங்கி இணைப்பு, கடைசியில் கல்லூரியின் யூமிஸ் (மாணவர் விவரங்களுக்கான இணையத் தளம்) பதிவில் அதே விவரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு தடவை அலைய வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் ஸ்கேன் செய்து, பெற்றோர் போனிலும் ஒரு பிரதி வைக்கச் சொல்லுங்கள்.

ராகிங்கைப் பற்றிச் சுவரில் போஸ்டர் இருக்கும். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டே தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்ததும் டியூட்டர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இன்று அது வரும் உருவம் வேறு. சீனியரின் ரெக்கார்டு நோட்டை முதலாண்டுப் பையன் எழுதிக்கொண்டிருப்பான். கேட்டால் "அண்ணனுக்கு ஹெல்ப்" என்பான். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிகளில் இதுவும் ராகிங்தான், ரீசார்ஜ் போட வைப்பதும் டீக்கடைக் கணக்கைக் கட்ட வைப்பதும் ராகிங்தான். விடுதி மாணவர் திடீரென்று மெஸ்ஸுக்குக் கடைசி ஆளாகப் போக ஆரம்பித்தாலோ, ஒரு குறிப்பிட்ட மாடிப்படியைத் தவிர்த்துச் சுற்றி வந்தாலோ கேளுங்கள். பெயர் சொல்லாமல் புகார் தர 1800-180-5522 என்ற எண் இருக்கிறது. டியூட்டரிடம் வந்த புகாரை "பேசி முடிச்சுக்கலாம்" என்று அறையிலேயே முடித்துவைப்பது தவறு. எழுத்தில் ராகிங் தடுப்புக் குழுவுக்குப் போக வேண்டும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு விட்டு, ஆளே மாறிப்போயிருக்கும் மாணவரை டியூட்டர் தனியாகச் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. கல்லூரி ஆலோசகர், இல்லாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். வீட்டுக்குத் தகவல், அன்றிரவு கூடத் தங்க ஒரு ஆள். "ரகசியமா வச்சுக்கோங்க சார்" என்று கேட்டால், உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் ரகசியமாக வைக்க முடியாது என்று அப்போதே சொல்லிவிடுவது நேர்மை.

ஐந்து ஜூனியருக்கு ஒரு சீனியரை இணைப்பது நன்றாக வேலை செய்யும். டாப்பரைப் போடாதீர்கள், மற்றவருக்குப் பாடம் ஏன் புரியவில்லை என்பதே அவருக்குப் புரியாது. முதல் செமஸ்டரில் ஓர் அரியர் வைத்து அடுத்த வாய்ப்பிலேயே முடித்தவர் கிடைத்தால் அவர்தான் சரியான ஆள். பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது, பிராக்ஸி (வராதவருக்காக வருகை சொல்வது) கூடாது, சந்திப்பு நூலகத்திலோ கேன்டீனிலோ மட்டும். இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரிசல்ட் வந்த அன்று மாணவர் போனை எடுக்க மாட்டார். நீங்கள் கூப்பிடுங்கள். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மார்க் கூடும் என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீடு. எல்லாத் தாளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுவது வீண். கெடு சில நாள்தான். நகலில் பார்க்க வேண்டியது மார்க்கை மட்டுமில்லை, எந்த அலகு காலியாக இருக்கிறது, எங்கே நேரம் தீர்ந்தது என்பதையும். இரண்டாம் செமஸ்டரில் என்ஜினீயரிங் கிராபிக்ஸ் என்ற வரைபடப் பாடம் வரும். வீடியோவாகப் பார்த்துக் 'புரிஞ்சிடுச்சு' என்பவர்கள்தான் அதில் விழுகிறார்கள். ஒரு தீப்பெட்டியின் மூன்று பக்கத்தில் எழுத்து எழுதிக் கையில் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பொருளின் தோற்றங்களைத் தாளில் வரையும் முதல் கோண வீழல் (first angle projection) முறையில் மேல்தோற்றம் ஏன் கீழே வருகிறது என்பது அப்போது புரியும். கேரட்டைச் சாய்வாக வெட்டினால் நீள்வட்டம் கையிலேயே கிடைக்கும்.

ஆண்டு முடிந்து பட்டியல் இரண்டாமாண்டு டியூட்டருக்குப் போகும்போது, கவுன்சலிங் நோட்டோடு ஆளுக்கு இரண்டு வரி எழுதிய தனித்தாள் ஒன்றும் போக வேண்டும். 'நல்ல மாணவர்', 'முன்னேற்றம் தேவை' என்பதெல்லாம் அதில் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "கணக்கு ஒன்று அரியர், நாலாவது அலகு மட்டும் தெரியவில்லை, ஏப்ரலில் எழுதியிருக்கிறான். அப்பா எண்ணுக்குப் போட வேண்டாம், அம்மாவுக்கு இரவு எட்டு மணிக்கு மேல். திங்கட்கிழமை முதல் பீரியடை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்."